கற்ற நூலும் விற்ற பொருளும்

அருக நெறியில் நிற்கும் இல்லறத்தார் செய்தற்குரிய தானங்களை ஆன்றோர் நான்காக வகுத்துள்ளனர். உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்பன அவை. இவற்றுள் நூற்கொடையாகிய சாத்திர தானத்திற்கு ஒளிமிக்க சான்றாக நிற்பவர் கன்னட நாட்டு அத்திமப்பே அம்மையார். கி.பி. பத்தாம் நூற்றாண்டில், நம் நாட்டில் அச்சுப்பொறி அறியப்படாத நாளில், பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து அவர் வழங்கினார். ஓரெழுத்து விடாமல் ஒவ்வோர் ஏட்டையும் கையால் கீறி முடித்த உழைப்பை நினைக்குந்தோறும் நமக்கு வியப்பு மேலிடுகிறது.

இத்தகைய மரபில் வந்த நாம், நம் பிள்ளை கற்று முடித்த நூலை விலைக்கு விற்கலாமா? விற்பின் அது எவ்வாறு விற்கப்படல் வேண்டும்? விற்கத் தகாத நூல் என்று ஒன்று உண்டா? சிறு வினாக்களாகத் தோன்றும் இவை, ஆராயப் புகுந்தால் நம் அணுவிரதங்களின் நடுவே நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகின்றன.

இவ்வினாக்கள் இன்று மிகக் கூர்மையாக எழும் இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகள். அங்கே பெற்றோர் தம் மக்களைப் பள்ளிக்கு அனுப்பாமல் இல்லத்திலேயே கற்பிக்கும் வழக்கம் வேரூன்றியுள்ளது. 1993 ஆம் ஆண்டளவில் ஐம்பது மாநிலங்களிலும் இது சட்டப்படி இசைவு பெற்றதாயிற்று. 1999 இல் ஏறத்தாழ எட்டரை இலட்சம் பிள்ளைகளும், 2003 இல் பதினொரு இலட்சம் பிள்ளைகளும் இவ்வாறு கற்றனர் என அந்நாட்டுக் கல்விப் புள்ளிவிவர நிறுவனம் கணித்தது. மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபடினும், புத்தகச் செலவு பெரும்பாலும் குடும்பத்தின் கையிலிருந்தே செல்கிறது. கணக்கு நூல், வாசிப்பு நூல், ஒலிப்புப் பயிற்சி அட்டைகள், எண்ணுமணிகள், பயிற்சிப் புத்தகம், ஆசிரியர் கைந்நூல் என ஒரு வகுப்புக்குரிய தொகுப்பைப் புதிதாக வாங்குவது எளிய குடும்பத்துக்குப் பெருஞ்சுமை. ஆகவே ஒரு பிள்ளை முடித்த தொகுப்பை மற்றொரு குடும்பத்துக்கு விற்று, வந்த பணத்தில் அடுத்த ஆண்டுக்கு வேண்டியதை வாங்குகின்றனர். முன்னர் அண்டை அயலாரிடையே நடந்த இம்மாற்று, 1995 இல் தோன்றிய இபே போன்ற இணையச் சந்தைகளின் வழியாக நாடு முழுதும் பரவிற்று.

இது நமக்குப் புதிய செய்தியன்று. கோடை விடுமுறை முடியும் தறுவாயில், மேல் வகுப்புக்குச் சென்ற பிள்ளையின் புத்தகங்களைப் பாதி விலைக்கு வாங்கி, பழைய தாளில் அட்டை போட்டுத் தம் பிள்ளைக்குத் தந்த பெற்றோர் நம் ஊர்களிலும் பலர். புத்தகத்தின் முதற் பக்கத்தில் முன்னவன் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதிய தலைமுறை இன்னும் நம்மிடையே உள்ளது.

முதலில், விற்பதா ஈவதா என்னும் வினாவைக் காண்போம். ‘கல்வி விலைப்பொருள் அன்று, ஆதலின் நூலை விற்பது இழுக்கு’ என்று கூறுவோர் உளர். உயர்ந்த நோக்கில் பிறந்த கூற்றே எனினும் இது முழுதும் பொருந்துவதாக இல்லை. நம் அறநூல்கள் துறவிக்கு ஓர் ஒழுக்கமும் இல்லறத்தார்க்கு ஓர் ஒழுக்கமும் வகுத்தன. துறவி ஒரு சல்லிக்கும் உரிமை கொள்ளார். இல்லறத்தாரோ நேரிய வாணிகத்தால் பொருளீட்டி, அளவு வரைந்து, எஞ்சியதை ஈதற்குரியவர். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவர் ஊதியத்தில் வாழும் தாயொருத்தி, முடித்த கணக்கு நூலை விற்று அடுத்த கணக்கு நூலை வாங்குவாளாயின், அவளை நோக்கி ‘நீ ஏன் ஈயவில்லை’ என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. வாங்குபவளும் தலைநிமிர்ந்து வாங்குகிறாள். இரந்து பெறுவதினும் குறைந்த விலைக்குப் பெறுவது சிலருக்கு மானம் காப்பதாகவும் அமையும்.

சட்டமும் விற்பவர் பக்கமே நிற்கிறது. 1908 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிவாயிற்று. ஒரு டாலருக்குக் குறைந்து விற்கலாகாது என்று அச்சிட்ட நாவல் ஒன்றை, ஒரு கடைக்காரர் எண்பத்தொன்பது காசுக்கு விற்றார். பதிப்பாளர் வழக்குத் தொடுத்தார். ஒருமுறை விற்றபின் அந்தப் படியின் மறுவிற்பனையைக் கட்டுப்படுத்தும் உரிமை பதிப்பாளருக்கு இல்லை என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் விற்பனைக் கோட்பாடு எனப்படும் இதனை 2013 இல் அதே நீதிமன்றம் மேலும் விரித்தது. தாய்லாந்திலிருந்து கற்க வந்த மாணவர் ஒருவர், தம் நாட்டில் மலிவாகக் கிடைத்த பாடநூல்களை உறவினர் வழியே வருவித்து அமெரிக்காவில் விற்றது குற்றமன்று எனத் தீர்ந்தது. ஆக, பழைய நூலை விற்றல் உரிமையே. ஆயினும், உரிமை உண்டென்று சட்டம் சொல்லி நிறுத்துமிடத்தில் விரதம் தன் ஆராய்ச்சியைத் தொடங்குகிறது.

கள்ளாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை, அதாவது வழுக்களை, உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வகுத்துள்ளார். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார் ஒழுக்கத்தை விரித்துரைக்கும் நூல்கள். களவைத் தூண்டுதல், களவுப்பொருளை ஏற்றல், அரசநெறியை மீறுதல், அளவையில் வஞ்சித்தல், போலியை மெய்யெனக் காட்டி விற்றல் என்பன அவ்வைந்து. நெல்லும் பொன்னும் விற்ற வணிகர்க்கு உரைத்தவை இணையச் சந்தையில் புத்தகம் விற்கும் தாய்க்கு எவ்வாறு பொருந்துகின்றன எனக் காண்போம்.

முதலாவது, களவைத் தூண்டுதல். பயிற்சிப் புத்தகங்களில் சிலவற்றை வாங்கிய குடும்பம் தன் பிள்ளைகளின் பொருட்டு மட்டும் படியெடுத்துக்கொள்ளலாம் எனப் பதிப்பாளர் இசைவர். சிலவற்றில் அதுவும் கூடாது. இந்நிலையில் ஒருவர் நூல் முழுவதையும் படியெடுத்துத் தமக்கு வைத்துக்கொண்டு மூலத்தை விற்றால், ஒரு நூலின் விலைக்கு இரு நூல்கள் பெற்றவராகிறார். வாங்கியவரும் அவ்வாறே செய்யின், ஒரே நூல் பத்து வீடுகளில் பத்து நூலாகி, இயற்றியவருக்கு ஒரு நூலின் பயனே சேரும். கணினியில் இறக்கிய கோப்புகளைப் பற்றி 2018 இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அளித்த தீர்ப்பும் இங்கே எண்ணத்தக்கது. பழைய இசைக்கோப்புகளை மறுவிற்பனை செய்த நிறுவனம் ஒன்றின் வழக்கு அது. கோப்பை மாற்றுவதென்பது புதிய படியொன்றை ஆக்குவதேயாகும். ஆகவே முதல் விற்பனைக் கோட்பாடு அதற்குப் பொருந்தாது எனத் தீர்ந்தது. இதனை நம் மொழியில் மிக எளிதாகச் சொல்லலாம். விற்றபின் நம்மிடம் இல்லாதிருந்தால்தான் அது விற்பனை.

இரண்டாவது, களவுப்பொருளை ஏற்றல். பள்ளி முத்திரையோடும் நூலக முத்திரையோடும் சில நூல்கள் விற்பனைக்கு வருகின்றன. நூலகமே கழித்து விற்ற நூலாயின், நீக்கப்பட்டது என்னும் குறிப்பு அதில் இருக்கும். அக்குறிப்பு இல்லாத நூலை மலிவு கருதி வாங்குபவர், அது எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டல் வேண்டும். கேளாதிருத்தலும் வழுவே.

மூன்றாவது, அரசநெறியை மீறுதல். அமெரிக்க அஞ்சல் துறையில் மீடியா மெயில் எனும் பிரிவு உண்டு. நூல் முதலிய கல்விச் சாதனங்கள் மலிவாகச் சென்றடைய வேண்டும் என்பதற்கென ஏற்பட்ட சலுகைக் கட்டணம் அது. நூலுக்கு அது பொருந்தும். எண்ணுமணிப் பெட்டிக்கும் விளையாட்டுப் பொருள்களுக்கும் பொருந்தாது. கணக்கு நூலோடு மணிகளையும் சேர்த்துக் கட்டி நூற்கட்டணத்தில் அனுப்பினால் மிஞ்சுவது சில டாலர். யாரும் திறந்து பாரார் என்னும் துணிவில் செய்யப்படுவது அது. அரிசோனா மாநிலம் 2011 இல் தொடங்கி 2022 இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்ட திட்டத்தின்படி, பெற்றோர் அரசுப் பணத்தைக் கற்பிக்கும் சாதனங்களுக்குச் செலவிடலாம். அவ்வாறு பொதுப்பணத்தில் வாங்கிய பொருளை விற்றுத் தம் கைக்காசாக்குவது தகுமா என்பதைத் திட்டத்தின் விதியை நோக்கியும் தம் நெஞ்சை நோக்கியும் கேட்டறிதல் கடன்.

நான்காவது அளவை வஞ்சனை. ஐந்தாவது போலி விற்பனை. மரக்காலும் தராசும் இங்கில்லை. விற்பவர் எழுதும் விவரமே தராசு. நூறு அட்டைகளில் நான்கு தொலைந்த தொகுப்பை ‘முழுமையானது’ என்றும், பென்சிலால் எழுதி அழித்த புத்தகத்தைப் ‘புதியது போன்றது’ என்றும் எழுதுவது குறைமரக்காலால் அளப்பதையே ஒக்கும். பழைய பதிப்பைப் புதிய பதிப்பென்றும், வீட்டில் படியெடுத்துக் கம்பியிட்ட தாள்களை அச்சு நூலென்றும் காட்டுவது போலி. வாங்குபவள் ஆயிரம் கல் தொலைவில் இருக்கிறாள். பொருளைக் கையிலெடுத்துப் பார்க்கும் வாய்ப்பு அவளுக்கு இல்லை. காணாதவரிடம் உண்மை பேசுவதற்கு அகக்கட்டுப்பாடு மிகுதியும் வேண்டும். அதனால்தான் விரதம் வேண்டப்படுகிறது.

இனி, நம்மை நெடுநாளாக உறுத்தும் வினாவுக்கு வருகிறோம். விடைகள் அடங்கிய ஆசிரியர் கைந்நூல் யாருக்கு உரியது?

2006 இல் இபே நிறுவனம், பாடநூல்களின் ஆசிரியர் பதிப்புகளையும் விடைநூல்களையும் தன் சந்தையில் விற்கக் கூடாது என விதித்தது. மாணவர் அவற்றை வாங்கி விடைகளைப் பார்த்தெழுதுவர் என்பது தடைக்குரிய காரணம். இல்லத்தில் கற்பிக்கும் பெற்றோர் இதனை வன்மையாக எதிர்த்தனர். ‘எங்கள் வீட்டில் ஆசிரியர் நாங்களே; கைந்நூலின்றி எவ்வாறு கற்பிப்போம்’ என்பது அவர்தம் வாதம். இருபக்கத்தும் நியாயம் உண்டு என்பதே இவ்வழக்கின் அருமை.

நாம் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய நாளில் நிகழ்ந்தது ஒன்று. இளம்பிள்ளை வாதத்தால் நடக்கவியலாத மகனை உடைய தாயொருவர் ஒருநாள் நம்மிடம் வந்தார். பள்ளி தொலைவில் இருந்தது; தூக்கிச் செல்ல ஆளில்லை. ‘நான்காம் வகுப்புக் கணக்குக்கான ஆசிரியர் கைந்நூலைச் சில நாள் தந்தால், நானே படித்து அவனுக்குச் சொல்லித் தருவேன், அம்மா’ என்று கேட்டார். அது ஆசிரியர்க்கு மட்டும் உரியது, வெளியே தருவதற்கில்லை என்று கூறி அனுப்பிவிட்டோம். விதி அவ்வாறே இருந்தது. நாம் பொய் சொல்லவில்லை. அவர் மறுபேச்சின்றிச் சென்றார். அலமாரியைப் பூட்டிய பின்னரே, அந்த வீட்டில் ஆசிரியர் யார் என்னும் வினா நம் நெஞ்சில் எழுந்தது. மறுநாள் அவரைத் தேடிச் சென்றிருக்கலாம். நூலைத் தர விதி இடந்தராவிடினும், வாரம் ஒருமுறை அமர்ந்து அவருக்குக் கற்பிக்கும் முறையைச் சொல்லித் தந்திருக்கலாம். அதனை எந்த விதியும் தடுக்கவில்லை. நாம் செல்லவில்லை. அப்பிள்ளை பின்னர் எவ்வளவு கற்றான் என்பதை இன்றளவும் நாம் அறியோம்.

ஞானாவரணீயம், அதாவது அறிவை மறைக்கும் வினை, எதனால் வந்து பற்றுகிறது என்பதையும் உமாசுவாமிகள் ஆறாம் அத்தியாயத்தில் எண்ணிக் காட்டியுள்ளார். பிரதோஷம், நிஹ்னவம், மாத்சர்யம், அந்தராயம், ஆசாதனம், உபகாதம் என்பன அவை. அறிந்ததை மறைத்தல் நிஹ்னவம். பெறத் தகுதியுடையார்க்கும் அறிவை வழங்காமல் வைத்துக்கொள்ளுதல் மாத்சர்யம். அறிவு பெறுவதற்கு இடையூறு செய்தல் அந்தராயம். களவு மட்டும் வினையன்று, பூட்டும் வினையாகலாம் என்பதை இப்பட்டியல் உணர்த்துகிறது.

நம் வரலாற்றிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தரசேனாசாரியர், தம்மோடு மறைந்துவிடுமோ என அஞ்சிய ஆகம அறிவைப் புட்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவர்க்குக் கற்பித்தார். அவர்கள் யாத்தது ஷட்கண்டாகமம். அதற்கு வீரசேனர் வரைந்த தவளா உரையின் ஓலைச்சுவடிகள் மூடபித்ரியில் பல நூற்றாண்டுகள் காக்கப்பட்டன. மக்கள் அவற்றைக் கண்டு வணங்கினர், கற்பார் இலராயினர். பின்னர்க் காப்பாளரின் இசைவின்றி எடுக்கப்பட்ட படியொன்று வெளியே சென்றது. அதன் வழி வந்த படிகளைக் கொண்டே ஹீராலால் ஜைன் அவர்கள் 1939 முதல் பதினாறு தொகுதிகளாகத் தவளாவைப் பதிப்பித்தார். காலப்போக்கில் மூடபித்ரியாரும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க இசைந்தனர். காத்தவரை நாம் குறை கூறோம். அவர்கள் காத்திராவிடில் பதிப்பிக்க ஒன்றும் எஞ்சியிராது. மறைவில் படியெடுத்ததையும் அறமென்று புகழோம். நேரிய வாயில் அடைபடும்போது அறிவு புறவழியே செல்லும் என்பதும், அப்போது காத்தவரும் வழுவுறுவர், எடுத்தவரும் வழுவுறுவர் என்பதுமே நாம் கொள்ளும் பாடம்.

அவ்வாறாயின் பயிற்சிப் புத்தகத்தைப் படியெடுத்துப் பரப்புவதும் அறிவைப் பரப்புவதுதானே என்று ஒருவர் கேட்கலாம். இரண்டும் ஒன்றல்ல. தவளா யாரும் வாங்கவியலாதவாறு பூட்டப்பட்டிருந்தது. அதனை யாத்த முனிவர் அதனால் பிழைக்கவில்லை. பயிற்சிப் புத்தகமோ விலை கொடுப்பார் எவர்க்கும் கிடைப்பது. அதனை இயற்றியவரும் ஓர் இல்லறத்தாரே, அவர் அடுப்பும் எரிதல் வேண்டும். விலை மிகுதி என்பது இடர்ப்பாடு. அதற்குப் பழைய நூலை வாங்கலாம், இரவல் பெறலாம், நூலகத்தை நாடலாம்.

ஆசிரியர் கைந்நூலைப் பற்றி நாம் கண்ட முடிவு இது. ஆசிரியர் என்பது பதவியின் பெயராக இருப்பினும், அதற்கு முன்னரே ஒரு தொழிலின் பெயர். அத்தொழிலை உண்மையாகச் செய்பவர் எவரோ அவருக்குக் கைந்நூல் உரியது. ஆதலின் இல்லத்தில் கற்பிக்கும் தாய்க்கு அதனை விற்றலும் தருதலும் தகும். எனினும் சந்தையின் உரிமையாளர் தம் இடத்தில் இது விற்கலாகாது என விதித்தால், வேறு பெயரிட்டு அங்கேயே நுழைத்து விற்பது பொய்ம்மை. அதனைத் தடை செய்யாத வேறிடத்தில் விற்பதே நேர்மை. விற்குமுன் ‘யாருக்குக் கற்பிக்கிறீர்கள்’ என்று ஒரு சொல் கேட்பதும் நன்று. பொய்யான விடை வருதல் கூடும். அப்பொய்யின் வினை கூறியவரைச் சாரும். கேளாமலே எல்லார்க்கும் மறுப்பதால் விளையும் வினையோ மறுத்தவரைச் சாரும். நாம் அனுபவித்துக் கூறுகிறோம்.

இறுதியாக ஒன்று. மலிவாகக் கிடைக்கிறதென்று வேண்டாத தொகுப்புகளையும் வாங்கி அடுக்குவது இவ்வாணிகத்தில் உள்ள மற்றொரு கண்ணி. ஒரு பிள்ளைக்கு மூன்று கணக்குத் திட்டங்கள் அலமாரியில் உறங்குமாயின், அங்கே கல்வி வளரவில்லை, பொருட்பற்று வளர்ந்திருக்கிறது. பொருள் வரைதல் என்னும் விரதத்தில் புத்தகத்துக்கு மட்டும் விலக்கில்லை. இந்த ஆண்டு கற்பிக்கவுள்ளது எதுவோ அதனை வாங்குதல், கற்பித்து முடித்ததை அடுத்தவர்க்கு அனுப்புதல், விற்ற பத்தில் ஒன்றையேனும் விலையின்றி ஈதல் என்னும் மூன்று வரைகளை ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளுமாயின், அதன் வாணிகமும் தானத்தின் அருகில் சென்று நிற்கும்.

ஆண்டுதோறும் சுருத பஞ்சமி அன்று நாம் நூல்களை எடுத்துத் தூசி தட்டி, வெயில் காட்டி, வணங்கி மீண்டும் வைக்கிறோம். வரும் சுருத பஞ்சமியில் பிள்ளைகளின் அலமாரியையும் திறப்போம். முடிந்த நூல்களைப் பிரித்து, எவை விற்றற்குரியன, எவை ஈதற்குரியன என்று பிள்ளைகளையே வகுக்கச் சொல்வோம். கிழிந்த பக்கம் எது, தொலைந்த அட்டை எது என்பதை அவர்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதி நூலினுள் வைக்கச் செய்வோம். கள்ளாமை என்னும் சொல்லின் பொருளை அப்பிள்ளைகள் அன்று கற்பர். கைந்நூல் கேட்டு யாரேனும் வாயிலில் வந்து நின்றால், அவர் யாருக்குக் கற்பிக்கிறார் என்று கேட்போம். கேட்டறிந்தபின் அவரை வெறுங்கையோடு அனுப்பாதிருப்போம்.